மானிப்பாய் எந்திரமும் சமையலறை எண்ணெய்களும்

வீட்டுக் கொட்டிலில் கையால் செய்யப்படும் சிறு மாதிரி எந்திரங்கள் பெரும்பாலும் நீராவி போதாமல் நிற்பதில்லை, எண்ணெயால் நிற்கின்றன. எண்ணெய் இல்லாமையால் என்னாது எண்ணெயால் என்றே கூறுவதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில், அதிலும் மானிப்பாய் போன்ற பழைய ஊரில், எண்ணெய் இல்லாத வீடு கிடையாது. ஆயினும் அடுப்படித் தட்டில் இருக்கும் போத்தல்களுள் எது எந்திரத்துக்குரியது என்பதில் ஒத்த கருத்துடைய இருவரைக் காண்பது அரிது.

சுழலும் தண்டு தன் இடத்தை விட்டு விலகாமலும், அதேவேளை தடையின்றிச் சுழலவும் துணைநிற்கும் உறுப்பே தாங்கி எனப்படும். கடைத்தெருவில் அதன் பெயர் பெயாரிங். சிறு எந்திரத்தில் அது பெரும்பாலும் துளையிட்ட வெண்கலக் குழலாகவே இருக்கும். தண்டுக்கும் குழலுக்கும் இடையே விடப்படும் வெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு, அதாவது தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. எண்ணெய் குடியிருக்க வேண்டிய இடம் இவ்வளவே என்று அறிந்தும் ஒரு கரண்டி எண்ணெயை அதன்மேல் வார்ப்போர், மிச்சத்தைப் பறப்புச் சில்லு மேசைக்கும் சுவருக்கும் உடுத்திருக்கும் சாரத்துக்கும் பாரபட்சமின்றிப் பங்கிடுவதைக் கண்டு, எந்திரத்தையே குறைகூறுகின்றனர்.

அந்த மெல்லிய படலத்தின் வலிமை 1883 அளவில் இங்கிலாந்தில் ஓர் அடைப்புக்கட்டையின் வாயிலாக வெளிப்பட்டது. ரயில் பெட்டிகளின் அச்சுத் தாங்கிகளில் உராய்வை அளந்துகொண்டிருந்த பீச்சம் டவர், தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்கெனத் துளையிட்டார். அச்சு சுழன்றபோது எண்ணெய் அத்துளை வழியே உள்ளே போவதற்குப் பதிலாக மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியேறியது. மரக்கட்டையால் அடைத்தார், மரக்கட்டையும் வெளியேறியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, தாங்கியின் சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தலாக இருக்க, மானியின் முள் 200ஐயும் தாண்டியது. சுழலும் தண்டு எண்ணெயை ஆப்பு வடிவமான இடுக்குக்குள் இழுத்துச் செல்வதால் அவ்வெண்ணெயே சுமையைத் தூக்கிப் பிடிக்கிறது என 1886இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் கணிதத்தால் விளக்கினார். ஆகவே எண்ணெய்த் துளையைச் சுமை அழுத்தாத பக்கத்திலேயே இடவேண்டும். ரயில் அச்சில் தாங்கி மேலிருந்து அமர்வதால் உச்சித்துளை தவறாயிற்று. பறப்புச் சில்லின் பாரம் கீழ்நோக்கி அழுத்தும் மாதிரி எந்திரத்தில் அதே உச்சித்துளை சரியாகிவிடுகிறது. இயற்பியல் சில வேளைகளில் அமெச்சூர்களிடமும் இரக்கம் காட்டுவதுண்டு.

மானிப்பாய்க்கு மூட்டுகளைப் பற்றிய அறிவு புதிதன்று. 1848இல் அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், உடற்கூற்றியல் நூல்களைத் தமிழாக்கி, முழங்கால் முதலிய மூட்டுகள் யாவற்றையும் தமிழில் பேசவைத்தார். வெண்கல மூட்டுகளுக்கு அத்தகைய புரவலர் வாய்க்காததால் அத்துறை அயலவர்களின் ஆலோசனைக்கு விடப்பட்டது. அவர்களது துணிவுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அருமையான பின்னர், சில துளி பெற்றோலால் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் காரையும் ஓட்டிய மக்கள், எந்தத் திரவமும் எந்த எந்திரத்துக்கும் போதும் என்னும் முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயின் பிசுக்குமையை, அதாவது வழிந்தோட மறுக்கும் தன்மையைக் குறைத்து, தாங்கிகளைத் தேய்க்கும் என்பது அந்த வெற்றிக்கதையில் அடிக்கடி விடுபடும் பகுதி.

தேங்காயெண்ணெய்க் கட்சியே ஊரில் பெரியது. அவ்வெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உறையத் தொடங்கும் என்பதால், மார்கழி விடியற்காலையில் எந்திரம் விரதம் இருப்பதுபோல் அசையாது நின்று, வெயில் ஏறிய பின்னரே மனம் இரங்கும். நல்லெண்ணெய்க் கட்சி அதனிலும் பழைமையானது. தலைக்கு நல்லது தண்டுக்கும் நல்லது என்பது அதன் கொள்கை. ஆனால் நல்லெண்ணெய் காற்றுப்பட நாளடைவில் பிசினாகி, தண்டையும் தாங்கியையும் பிரிக்கமுடியாத தம்பதிகளாக்கிவிடும். சங்ககால உப்பு வணிகர் வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூறு காட்டுகிறது; நல்லெண்ணெய்க் கட்சியினரும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்வது தகும்.

விளக்கெண்ணெய் எனப்படும் ஆமணக்கெண்ணெயின் நிலை வேறு. மேதனோலில் ஓடும் சிறு விமான எந்திரங்களில் அது எரிபொருளுடனேயே கலக்கப்படுகிறது. கடும் வெப்பத்திலும் உலோகத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் குணம் அதற்குண்டு. முதலாம் உலகப்போரின் சுழல் எந்திர விமானங்கள் அதனைப் புகையோடு பின்னே கக்க, அதை மூச்சோடு உள்வாங்கிய விமானிகளுக்கு வயிறு இளகியதாகக் கூறுவர். பேதிக்கென்று ஆண்டுதோறும் அதைக் குடிப்பிக்கப்பட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு மேலதிக விளக்கம் தேவையில்லை.

வீட்டு நீராவி எந்திரத்துக்கோ இத்தனை சர்ச்சை வேண்டியதில்லை. நீராவி புகும் உருளைக்குத் தடித்த நீராவி எண்ணெய் வேண்டும், ஏனெனில் மெல்லிய எண்ணெயை நீராவி கழுவிச் சென்றுவிடும். வெளித்தாங்கிகளுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு போதும், ஓட்டம் நீண்டால் இன்னொரு சொட்டு. சிங்கர் நிறுவனம் 1877 முதல் இலங்கையில் இருந்துவருவதால் அந்த எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் போத்தலை எடுக்குமுன் வீட்டில் தைப்பவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது.