பாட்டுக்குப் பாடகர் எதற்கு?

பாப் இசை வியாபாரிகளை யாரும் திட்டாதீர்கள். பாடத் தெரியாதவர்களுக்கும் பாட்டுத் தொழிலில் பிழைப்பு ஏற்படுத்திக் கொடுத்த புண்ணியவான்கள் அவர்கள்.

மில்லி வனில்லி என்ற பாப் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அழகான இரண்டு இளைஞர்கள், நீளச் சடை, நல்ல ஆட்டம். குரல் மட்டும் வேறு ஆட்களுடையது. 1989-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில், மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒலிப்பதிவு சிக்கிக்கொண்டு பாதி வரியைத் திரும்பத் திரும்பப் பாடியது. ஒருவர் மேடையைவிட்டு ஓட்டம்பிடித்தார். இந்தக் கூத்துக்குப் பிறகும் 1990 பிப்ரவரியில் சிறந்த புதுமுகம் என்று கிராமி விருது கொடுத்தார்கள்! நவம்பரில் குட்டு உடைந்ததும் பிடுங்கிக்கொண்டார்கள். சந்தி சிரித்தது அந்த இரண்டு பையன்களின் மானம். அவர்களை ஆட்டிவைத்த தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனோ, அடுத்த ஆண்டே உண்மையில் பாடியவர்களை வைத்து, 'அசல்' மில்லி வனில்லி என்று அடைமொழி போட்டே இன்னொரு ஆல்பத்தைக் கடைக்கு அனுப்பினார். போலியை விற்ற கையோடு அசலையும் விற்கும் சாமர்த்தியம் யாருக்கு வரும்?

1997-இல் வந்த, சுருதி திருத்தும் மென்பொருளான ஆட்டோ-டியூன் இந்த ஆள்மாறாட்டச் செலவையும் மிச்சப்படுத்தியது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட், முன்பு அதிர்வலைகளை அலசி நிலத்தடியில் எண்ணெய் தேடும் கணக்குகளைப் போட்டவர். பிறகு பாடகர்களின் தொண்டையில் சுருதியைத் தேடினார். எண்ணெயாவது சில இடங்களில் கிடைத்தது.

ஜாஸ்காரர்களுக்கு இந்தப் பிழைக்கும் வழி தெரியவில்லை. 1959-இல் நியூயார்க்கில் மைல்ஸ் டேவிஸ் வெறும் துண்டுக் குறிப்புகளோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் முதலானோர் அங்கேயே பார்த்து, அங்கேயே கற்பனை செய்து வாசித்தார்கள். இரண்டே நாள் பதிவு. அதுதான் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம். அது வெளிவந்த அதே ஆகஸ்டில், தான் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் கிளப்பின் வாசலில் இடைவேளையில் நின்ற மைல்ஸை, நகரச் சொல்லி நகரவில்லை என்று போலீஸ்காரர்கள் மண்டையில் அடித்து, ரத்தம் ஒழுக இழுத்துப்போனார்கள். அவர் செய்த குற்றம், கறுப்பராக நின்றது.

ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் கதை இன்னும் கேவலம். மது விற்கும் கிளப்பில் வாசிக்க அப்போது நியூயார்க்கில் போலீஸ் தரும் அட்டை வேண்டியிருந்தது. 1951-இல் ஒரு போதைப்பொருள் வழக்கைக் காட்டி அவருடைய அட்டையைப் பறித்தார்கள். தன் பாட்டைத் தானே இயற்றித் தன் விரலால் வாசித்த மனிதரால், சொந்த ஊர் கிளப்புகளில் ஏறக்குறைய ஆறு ஆண்டு வாசிக்க முடியவில்லை.

வாயசைப்பதற்கு மட்டும் எந்த ஊர் போலீசும் அட்டை கேட்டதில்லை. அடுத்த முறை ஆயிரக்கணக்கில் கொட்டி டிக்கெட் வாங்கும்போது, பாடப்போவது ஆளா, பெட்டியா என்று நீங்களாவது கேளுங்கள். பணம் உங்களுடையது.