அம்மம்மாவை இனியும் சாகடிக்காத, மருமகன்

வா மருமகன், இந்த வாங்கில இரு. செவ்வாய்க்கிழமை நீ அயன் பண்ணின சேட்டும் மினுக்கின சப்பாத்துமாய்ச் சீனக்குடா பஸ்ஸில ஏறினதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சொல்லத் தேவையும் இல்லை. பஸ் முழுக்கப் பார்த்ததாம்.

கந்தோரில அம்மம்மா செத்துப்போச்செண்டு லீவு கேட்டியாம். போன வருஷமும் அந்த மனிசிதானே செத்தது? நேற்றுக் காலமை பத்திரகாளி அம்மன் கோயிலடியில கண்டன், உன்னைவிட வேகமா நடக்குது. வருஷ லீவு 14 நாள் சட்டமே தந்திருக்கு. அதில ஒண்டை எடுக்கிறதுக்கு ஒரு உயிரைப் பலி குடுக்கவேணுமோ?

வேலையில இருந்துகொண்டு வேலை தேடுறது குற்றமில்லை. 1957இல வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளிச்சிட்டுப் போகேக்க, டொக்யாட்டை நம்பிக் கிடந்த சனம் பட்ட பாடு இந்த ஊருக்குத் தெரியும். ராச்சியமே மூட்டை கட்டினது. உன்ட கொம்பனி கட்டாதோ? தேடு. ஆனா ஒளிச்சுத் தேடுறதெண்டால் வடிவா ஒளிக்கவும் தெரியவேணும்.

மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்த் தாங்கி எல்லாம் ஒரே பக்கத்திலதான். இங்க ஒருத்தன் தும்மினால் அங்க ஒருத்தன் "நூறு" எண்டுவான். நீயோ விண்ணப்பத்தில ரெண்டு ரெபரி கேட்டதுக்கு, முதல் ஆளா உன்ட மனேசரையே போட்டிருக்கிறாய்! "நல்ல பெடியன், கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டு அவர் போனில சொல்லுவாரெண்டோ நினைச்சாய்? உன்னைப் படிப்பிச்ச அதிபரைப் போடு. பயோடேட்டாவைக் கந்தோர்ப் போட்டோகொப்பி மெசினுக்குள்ள விட்டுட்டு வந்த கதையை நான் கேக்கேல்ல.

ஒண்டு மட்டும் கேக்கிறன்: சேர்ந்து எத்தினை வருஷம்? நாலே முக்காலோ? அப்ப பொறு, ராசா. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதுக்குக் கூடவோ வேலை செய்யிற இடத்தில ஐஞ்சு வருஷம் முடிச்சவனுக்குத்தான் வருஷத்துக்கு அரைமாதச் சம்பளம். நீயாக விலகினாலும் உண்டு. இப்ப பாய்ஞ்சியெண்டால் இரண்டரை மாதச் சம்பளம் முதலாளியின்ட பொக்கெற்றிலதான். சேமலாப நிதி அப்பிடியில்லை. உன்ட 8 வீதமும் முதலாளியின்ட 12 வீதமும் நீ எங்க போனாலும் உன்ட பேரிலதான் கிடக்கும்.

ராஜினாமாக் கடிதம் எழுதி வைச்சிருக்கிறியாமே. நல்லது, திகதியை மட்டும் போடாத. புது இடத்து நியமனக் கடிதம் கைக்கு வந்து, ஐஞ்சு வருஷமும் நிறைஞ்ச பிறகு போடு.