அகலத்திரை அகத்திணையியல்: ஆண்டிபட்டி வட்டாரத்தில் பெரிய டிவி வாங்குதல் குறித்து ஓர் ஆய்வு

பெரிய டிவி வாங்குவதை மின்னணுவியலில் கொண்டுபோய்ச் சேர்த்தது புலமையுலகம் செய்த பிழை. ஆண்டிபட்டிச் சான்றுகளை வைத்துப் பார்த்தால் அது அகத்திணையில் அடங்க வேண்டிய பொருள். முதல், கரு, உரி மூன்றும் அதற்கு உண்டு. நிலம்: பத்துக்குப் பன்னிரண்டு ஹால். பெரும்பொழுது தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாள்; சிறுபொழுது ராத்திரி எட்டரை, சீரியல் நேரம். கருப்பொருள் ஸ்டெபிலைசர், செட்டாப் பாக்ஸ், சுவர் பிராக்கெட், ஈஎம்ஐ கார்டு. உரிப்பொருள் ஊடலும் ஊடல் நிமித்தமும்: வீட்டுக்காரர் 65 இஞ்ச் என்பார், வீட்டம்மா 43 போதும் என்பார், கடைசியில் 55-இல் சமாதானம் ஆகும். அந்த 55-ஐ எந்தக் கண் டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை.

களமாகத் தேனி மாவட்டத்து ஆண்டிபட்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. திரைக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு வேறெந்தத் தொகுதிக்கும் வாய்க்கவில்லை. 1984 டிசம்பர் சட்டமன்றத் தேர்தலில் இங்கே வேட்பாளர் எம்.ஜி.ஆர். ஓட்டுக் கேட்டு ஒரு தெருவிலும் அவர் கால் வைக்கவில்லை. அவர் இருந்தது நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில். தலைவர் தெம்பாக இருக்கிறார் என்று காட்ட அங்கே எடுத்த படம் தமிழ்நாடெங்கும் திரையிடப்பட்டது. ஜனம் பார்த்தது, ஓட்டுப் போட்டது, அவரும் ஜெயித்தார். படம் துல்லியமாக இருந்ததா, கறுப்பு கறுப்பாகத் தெரிந்ததா என்று ஒருவரும் கேட்டதாகத் தகவல் இல்லை.

அடுத்த சான்று 2006. ஆட்சிக்கு வந்தால் வீட்டுக்கொரு கலர் டிவி என்றது திமுக. ஆண்டிபட்டி ஜெயலலிதாவைத் தேர்ந்தெடுத்தது. மாநிலம் கருணாநிதியைத் தேர்ந்தெடுத்தது. விளைவாக, எதிர்க்கட்சித் தலைவரின் சொந்தத் தொகுதிக்கும் அரசு டிவி வந்து இறங்கியது. மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள், எல்லாம் 14 இஞ்ச். ஊர் அதற்கு வைத்த பெயர் ‘கலைஞர் டிவி’. அதில் ஜெயா டிவி பார்க்கக் கூடாது என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி முறைகேடான செயலாகாது என்று 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பு வந்தது. அதற்குள் மிக்ஸியும் கிரைண்டரும் வந்துவிட்டதால் டிவிகள் பழசாகிவிட்டன.

இந்த 14 இஞ்ச்தான் இன்றைய சிக்கலுக்கு வேர். அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளில் ஹாலின் செல்ஃபைப் பெட்டி டிவியின் அளவுக்கே கொத்தனார் விட்டிருப்பார். மேலே சாமி படம், கீழே டெக் வைக்க ஒரு தட்டு. 55 இஞ்ச் திரையின் பரப்பு கணக்குப்படி அந்த 14 இஞ்சைப் போல ஏறத்தாழ 14 மடங்கு. எனவே இவ்வட்டாரத்தில் டிவி வாங்கும் படலம் மதுரை ஷோரூமில் தொடங்குவதில்லை. செல்ஃபை இடிக்கலாமா என்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்பதில் தொடங்குகிறது. இடிக்க மனமில்லாதவர்கள் செல்ஃபுக்கு மேலே, தாத்தா படத்துக்குப் பக்கத்தில், ஆறடி உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். பாய் விரித்துத் தரையில் உட்காருகிறவருக்குக் கண் இரண்டரை அடியில் இருக்கிறது. மீதி உயரத்தைக் கழுத்து ஈடு செய்கிறது.

இனி அளவைக்கு வருவோம். திரை நம் பார்வையில் 30 பாகை கோணத்தை நிரப்ப வேண்டும் என்பது அமெரிக்கத் திரைப்படப் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. 55 இஞ்சுக்கு அதன்படி ஏறத்தாழ ஏழரை அடித் தொலைவில் உட்கார வேண்டும். பன்னிரண்டடி ஹாலில் சோபா பின் சுவரை ஒட்டிக் கிடக்கும். கண்ணுக்கும் திரைக்கும் பத்தடி. பத்தடிக்கு இதே கணக்கு 75 இஞ்ச் கேட்கிறது. ஆக, ஊடலில் அறிவியல் வீட்டுக்காரர் பக்கம். ஆனால் அவர் இதைச் சொல்லி ஜெயித்த வீடு இவ்வாய்வில் தட்டுப்படவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை விற்பனைப் பிரதிநிதி சொல்ல மாட்டார். நல்ல பார்வை உள்ள ஒருவர் 55 இஞ்சில் ஃபுல் எச்டி புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க ஏழடிக்குள் வர வேண்டும். 4கே புள்ளிகளைப் பிரிக்க மூன்றரை அடிக்குள். பத்தடியில் இருக்கும் சோபாவுக்கு இரண்டும் ஒன்றுதான். 4கே-யின் முழுப் பலனையும் அனுபவிப்பது திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு கார்ட்டூன் பார்க்கும் கடைக்குட்டி மட்டுமே.

அதிலும் வருவது 4கே-யா? கேபிளில் வரும் சாதாரணச் சேனலின் படத்தில் 720-க்கு 576 என்று சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 82.9 லட்சம். ஒன்றை இருபதாக்கித்தான் டிவி காட்டுகிறது. ஆழாக்கு மாவில் இருபது தோசை வார்த்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் ராத்திரிச் சீரியலில் மாமியார் முகம் இருக்கும். ஷோரூமில் ஓடியது கிளி, ஆரஞ்சுப்பழம், தேன் சொட்டும் கரண்டி. எல்லாம் 4கே-யிலேயே எடுத்தவை, வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து ஓட்டுபவை. தேன் சொட்டும் கரண்டியை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை.

பேனல் குறித்துப் பெரும் பூசல் நடக்கிறது. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். எனவே கறுப்பு முழுக் கறுப்பு. க்யூஎல்இடி என்பது பழைய எல்சிடி வம்சம்தான், பின்னாலிருந்து விளக்கடிக்கும். நிறத்தைச் சுத்தமாக்க நடுவே குவாண்டம் டாட் என்னும் நுண்துகள்களைப் போட்டிருக்கிறார்கள். அந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக மூவருக்கு 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற பொருளைத் தவணையில் வாங்க முடிகிற காலம் இது. பிராண்டைப் பற்றி வீரவசனம் பேசுவோர் கவனிக்க: சோனி ஓஎல்இடிக்குள் இருக்கும் பேனல் எல்ஜி டிஸ்பிளேயிலிருந்தோ சாம்சங் டிஸ்பிளேயிலிருந்தோ வந்தது.

ஆனால் ஆண்டிபட்டியில் முடிவு செய்வது பேனல் அல்ல, வாசற்கதவு. ஓஎல்இடியின் பெருமையெல்லாம் இருட்டறையில். இங்கோ காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை வாசற்கதவு திறந்தே கிடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் இந்த ஊரில் மழை நாட்களும் குறைவு. தெருவெயில் நேரே ஹாலில் விழுகிறது. பளபளக்கும் திரையில் கறுப்புக்குப் பதில் எதிர்வீட்டு ஸ்கூட்டர் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கலாம்தான். பட்டப்பகலில் கதவைச் சாத்தும் வீட்டை ஊர் வேறு மாதிரி பேசும். போதாக்குறைக்கு, நாள் முழுக்க ஒரே சேனல் ஓடும் வீட்டில் மூலையில் அசையாமல் நிற்கும் லோகோ காலப்போக்கில் ஓஎல்இடியில் தழும்பாகப் பதியலாம். இவ்வட்டாரத்துக்கு, அதே எல்சிடி வம்சத்தில் பின்விளக்கைப் பொடிப்பொடியாகப் பிரித்துப் போட்ட மினி எல்இடியே தக்கது என்பது இக்கட்டுரையின் துணிபு. ராத்திரி பதினொன்றுக்கு மேல் தனியாகப் படம் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் விதிவிலக்கு.

சினிமா எடுப்பது நொடிக்கு 24 சட்டகத்தில். புது டிவிகள் நடுவில் இல்லாத சட்டகங்களைத் தாமாகவே வரைந்து நுழைக்கின்றன. கிரிக்கெட்டுக்கு அது பரவாயில்லை, படத்துக்கு ஆகாது. 2018-இல் டாம் குரூஸே இதை அணைத்துவிடுங்கள் என்று வீடியோ போட்டுக் கெஞ்சினார். அவர் படம் எப்படியோ போகட்டும். தேனி அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா வெள்ளையுடைப் பெண்களை ஸ்லோமோஷனில் ஓடவிட்டதை இந்த வசதி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்: தேவதைகள் வழுக்கி வழுக்கி ஓடி, கல்யாண வீடியோவுக்கு வந்த உறவுக்காரப் பெண்களாகிவிடுகிறார்கள். அணைப்பதும் லேசல்ல. சோனியில் அதன் பெயர் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன். சில டிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோடு என்று ஒன்று இருக்கிறது, 2019-இல் அறிவிக்கப்பட்டது. அதைப் போட்டால் எல்லா வித்தையும் ஒரே அடியில் அடங்கும். படம் லேசாக மஞ்சளாகத் தெரிகிறதே என்று வீட்டில் புகார் வரும். இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

டிவி மெலியமெலியச் சத்தம் தேய்ந்தது. ஸ்பீக்கர் கீழே பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கிறது. பண்ணைப்புரத்து இளையராஜா போட்ட பேஸ் கிடாரை, அதே மாவட்டத்தில் லட்ச ரூபாய் டிவி கேட்கவிடாமல் செய்வது அநியாயம். பழைய பெட்டி டிவியின் மரக்கூட்டுக்குள் அதற்கு இடமிருந்தது. எனவே சவுண்ட்பார் தனிச் செலவு. அதை டிவி விலையோடு சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டெபிலைசர் செலவை வேண்டுமானால் மிச்சம் பிடிக்கலாம். இன்றைய டிவிகளில் பல 100 முதல் 240 வோல்ட் வரை தாமே தாங்கும், பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் ஸ்டெபிலைசர் இல்லாமல் டிவியை இறக்கினால் பெரியவர்கள் விடமாட்டார்கள்.

காசு விஷயம். 32 இஞ்சைத் தாண்டிய டிவிக்கு 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18. வரிக்கு முன் லட்ச ரூபாய் விலையுள்ள டிவியில் பத்தாயிரம் குறைகிறது. அந்தப் பத்தாயிரம் வீடு வந்து சேர்வது அபூர்வம். கடையிலேயே எக்ஸ்டெண்டட் வாரண்டியாகவோ ஐம்பத்தைந்தை அறுபத்தைந்தாக்கும் ஆசையாகவோ கரைந்துவிடும். தேனிக்கோ மதுரைக்கோ போகிறவர்கள் பென்டிரைவில் இரண்டு காட்சி எடுத்துப்போவது நல்லது: ராத்திரியில் நடக்கும் சண்டை ஒன்று, நாள்பட்ட கறுப்பு வெள்ளைப் பாட்டு ஒன்று. கடைக்காரரிடம், “அண்ணே, கிளியை நிறுத்திட்டு இதைப் போடுங்க” என்று கேட்க வேண்டும். எம்.ஜி.ஆர். பக்கவாட்டில் இழுபட்டுக் குண்டாகத் தெரிந்தால் ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3-க்கு மாற்றச் சொல்ல வேண்டும். மாற்றத் தெரியாத ஊழியர் மேனேஜரைக் கூப்பிடுவார். விலை பேச வேண்டியது அவரிடம்தான்.