எவடத்தார்

"தம்பி எவடம்?"

காலமைக் கோச்சியில் இந்தக் குரல் கேட்டால் சுன்னாகம் வந்துவிட்டது, எவடத்தார் ஏறிவிட்டார் என்று அர்த்தம். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊரெல்லாரின் பூட்டன் வரை விசாரித்து வைத்திருப்பவரிடம் திருப்பிக் கேட்க எங்களுக்கு முறை வந்தால்தானே.

2022இல், பெற்றோல் வரிசையில் நின்று கால் வீங்கிய நாட்களில்தான் காங்கேசன்துறையிலிருந்து முறிகண்டிக்கு 'யாழ் ராணி' ஓடத் தொடங்கியது. கிளிநொச்சிக் கந்தோர்களுக்குப் போகிற எங்களுக்கு அது வரம். பரந்தனில் வயல் வைத்திருக்கும் எவடத்தாருக்கு அதைவிடப் பெரிய வரம். மோட்டார் சைக்கிளில் போனால் ஆரிடம் கேட்பது?

அன்றைக்குக் கோண்டாவிலில் ஒரு புதுப் பொடியன் ஏறினான். காதில் வயர். எவடத்தார் முழங்காலில் தட்டி வயரைக் கழற்றுவித்தார்.

"தம்பி எவடம்?"

"கோண்டாவில், ஐயா."

"அது தெரியுது, அதிலைதானே ஏறினனீர். கோண்டாவிலிலை எவடம்?"

"டிப்போவடி."

"டிப்போவுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

கொக்குவில் போய்விட்டது. யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் சனம் நெருக்கி ஏற, றோட்டுக்கரையா ஒழுங்கைக்குள்ளா என்பது தீர்ந்தது. நாவற்குழிப் பாலத்தில் தகப்பன் ஆரென்று தெரிந்தது. சாவகச்சேரி வர முதலே தாயின் தமையன் கனடாவில் எந்த வருஷம் போய் இறங்கினார் என்பதும் வெளியே வந்துவிட்டது.

"அட, அப்ப நீர் எனக்குப் பெறாமகன் முறையெல்லே!"

மடியில் கிடந்த சொப்பிங் பை அவிழ்ந்தது. உள்ளே பனங்காய்ப் பணியாரம், எண்ணெய் ஊறிய பேப்பரில். அவருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது: அறிமுகத்துக்கு ஒன்று, சொந்தத்துக்கு இரண்டு. பொடியனுக்கு இரண்டு கிடைத்தது. வயரை எந்தக் கையால் மாட்டுவதென்று தெரியாமல் எண்ணெய்க் கையோடு இருந்தான்.

வெளியூர்க்காரர் இதைப் பூகோளம் என்று நினைப்பார்கள். எங்களுக்குத் தெரியும், இது வேறு பாடம். ஒழுங்கையைச் சொன்னால் கோயிலைச் சொன்ன மாதிரி. கோயில் தெரிந்தால் மிச்சத்தை அவர் வாய்விட்டுக் கேட்கத் தேவையில்லை. சிலபேருடைய ஒழுங்கையோடு அவருடைய கேள்வி சட்டென்று நின்றுவிடும். யன்னலுக்கு வெளியே பனைகளை எண்ணத் தொடங்குவார். பையும் அவிழாது. மற்றபடி நல்ல மனுஷன், பிள்ளைத்தாச்சிகளுக்கு எழும்பி இடம் கொடுப்பார்.

1990இல் நின்றுபோன கோச்சி 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணம் திரும்பியது. தண்டவாளம் புதிது, ஸ்டேஷன் புதிது. கேள்வி மட்டும் பழசு. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் முதல் கோச்சி ஓடினபோதே ஒரு மூலை ஆசனத்தில் ஏறி இருந்திருக்கும்.

தப்பப் பார்த்தவர்களும் உண்டு. ஒரு ரீச்சர் "கொழும்பு" என்று சொல்லிப் பார்த்தா. "அதுக்கு முதல்?" என்றார். மிருசுவில் வர முதல் ரீச்சரின் பேத்தியார் வீடு வரை வந்துவிட்டார்.

போன கிழமை, ஆனையிறவு கழிந்ததும் ரிக்கற் பார்க்கிறவர் வந்தார். சிங்களவர், புதியவர். ரிக்கற்றை நீட்டினபடியே எவடத்தார் கேட்டார்:

"மஹத்தயா, கம கொஹேத?"

"அநுராதபுரம்."

எவடத்தாரின் முகம் விரிந்தது. 1977 வரைக்கும் அங்கே கச்சேரியில் கிளாக்கராக இருந்தவராம். "அநுராதபுரே கொஹேத?"

வந்தவர் சொல்லச் சொல்ல, இவர் குளக்கட்டு, சந்தி, வெதமஹத்தயா வீடு என்று கையால் காற்றில் படம் கீறினார். பெட்டியில் பாதிப்பேரின் ரிக்கற் பார்க்கப்படவில்லை. பரந்தனில் இறங்க எழும்பினவர் பையை அவிழ்த்து மனுஷனின் கையில் வைத்தார்.

இரண்டு.

எனக்குப் பக்கத்தில் ஒரு பொடியன் இருந்தான். ஆறு மாதமாக எங்களோடு வருகிறவன். முதல் நாளே ஒழுங்கையைச் சொன்னவன். அவனும் எண்ணிக்கொண்டுதான் இருந்தான்.