கப்பலுக்குள் ஒரு பி.பி. நம்பர்

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் நான்கு இரவுகள். நாங்கள் நாலு பேர்: நான், மனைவி, மாமியார், இன்ஜினீயரிங் படிக்கும் மகள். நாலு பேருக்கும் ஒரே அறை. ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்த அறைக்கு டிராவல்ஸ்காரர் சொன்ன விலையைக் கேட்டதும், "கடலை மாடியில போய்ப் பாத்துக்கறோம், விடுங்க" என்று அவருக்கு நானே ஆறுதல் சொன்னேன்.

அடுத்தது வைஃபை. ஒரு கருவிக்கு ஒரு நாளைக்குக் கேட்ட பணத்தில் திருச்சியில் எங்கள் வீட்டு பிராட்பேண்ட் ஒரு மாதம் ஓடும். நாலு போனுக்கு நாலு நாள் என்றால் பதினாறு மாத பில். "ஒண்ணு போதும்" என்றேன். குடும்பத்துக்கு ஒன்று என்பது எனக்குப் பழகிய கணக்கு. ஒரு ரேஷன் கார்டு, ஒரு ஸ்கூட்டர், ஒரு டி.வி. ரிமோட். வைஃபைக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

விலையைக் கேட்டு முகம் வாடிய மனைவியைத் தேற்ற, படித்ததில் ஒன்றை எடுத்துவிட்டேன். "1912ல டைட்டானிக்ல ஒரு தந்தி அனுப்ப முதல் 10 வார்த்தைக்கு 12 ஷில்லிங் 6 பென்ஸ் வாங்கினான். அதுக்கு மேல ஒவ்வொரு வார்த்தைக்கும் 9 பென்ஸ். அப்பவும் ஜனங்க க்யூவில நின்னு 'நலம், நலமறிய ஆவல்'னு அனுப்பியிருக்காங்க. அதைத் தட்டி முடிக்கிற அவசரத்துலதான் தந்தி ஆபரேட்டர், பக்கத்துக் கப்பல்காரன் 'இங்க பனிக்கட்டி இருக்கு'ன்னு சொல்ல வந்தப்ப 'நான் வேலையா இருக்கேன், வாயை மூடு'ன்னு..."

"கப்பல்ல ஏறப்போற நேரத்துல அந்தப் பேரைச் சொல்லாதீங்க" என்றாள் மனைவி. பேச்சு அங்கேயே மூழ்கியது.

மைத்துனன் உள்ளங்கை அகலத்தில் ஒரு ரவுட்டர் கொடுத்தனுப்பியிருந்தான். ஒரு இணைப்பை அதில் வாங்கி ஊருக்கே ஊற்றலாம் என்றான். துறைமுகத்தில் பெட்டியை ஸ்கேன் செய்தவர்கள் அதையும், எங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் சேர்த்து எடுத்து, சீட்டு ஒட்டி, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தீ பயத்துக்காக. ரவுட்டர் எதற்காக என்று நான் கேட்கவில்லை. இருவருக்குமே தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்பது?

ஏறியதும் எல்லோரும் போனை ஏரோப்ளேன் மோடில் போட வேண்டும். கப்பலுக்கென்று தனி செல்போன் டவர் உண்டு. நம் சிம் அதைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் வீடு தேடி வரும். அத்தைக்கு இது ஒப்பவில்லை. "கப்பல்ல ஏறிட்டு எதுக்கு மாப்ளே ஏரோப்ளேன்?" பதில் சொல்ல முடியாமல் அவர் போனை வாங்கி நானே போட்டுவிட்டேன்.

ஒரு கருவித் திட்டத்தின் விதி எளிது. பாஸ்வேர்டு எந்த போனிலும் செல்லும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு போன்தான். இரண்டாவது போனில் போட்டால், "ஏற்கெனவே ஒரு கருவி இணைப்பில் உள்ளது, துண்டிக்கவா?" என்று கேட்கும். எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று சொன்னவர் ஒருவருமில்லை. பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகிய ஊர் எங்களுடையது. இங்கே துண்டுக்கு மரியாதையே இல்லை. உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு உட்காரலாம்.

முதல் இரவு, அத்தை கும்பகோணத்திலிருக்கும் தங்கையிடம் வீடியோவில் மூட்டுவலித் தைலம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் சின்ன அத்தை பதில் சொல்ல வாயைத் திறந்த நேரம் பார்த்து, மாடியில் இருந்த நான் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க லாகின் செய்தேன். அறையிலிருந்து அலறல். "மாப்ளே! இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு! வாயைத் திறந்தவ மூடவே இல்ல!" என்று மாடிக்கே வந்துவிட்டார், கையில் உறைந்துபோன தங்கையோடு.

மகள்தான் வழி சொன்னாள். காலேஜ் அசைன்மென்டுக்காக லேப்டாப் கொண்டுவந்திருந்தாள். விண்டோஸில் மொபைல் ஹாட்ஸ்பாட் என்று ஒரு பொத்தான். வாங்கும் வைஃபையையே அது வெளியே திருப்பி விடும், எட்டு கருவிகள் வரை. கப்பலின் கணக்கில் ஒரே ஒரு லேப்டாப்தான் தெரியும். அதன் முந்தானைக்குள் எத்தனை போன் இருக்கிறது என்பது தெரியாது. மனைவியின் ஐபோனுக்கு இந்தத் தாராளம் இல்லை. அது தன் சிம்மின் டேட்டாவைத்தான் பகிரும், ஓசியில் வாங்கிய வைஃபையைப் பகிராது. சில ஆண்ட்ராய்டுகள் பகிரும். என்னுடையது அந்த வரம் பெறாதது.

"இது தப்பில்லையா?" என்று மனைவி கேட்டாள். ஹோட்டல்களில் 'ஒருவர் சாப்பாட்டைப் பகிர்ந்து உண்ண அனுமதி இல்லை' என்று போர்டு வைத்திருப்பார்களே, அந்தப் போர்டை எங்கேயாவது பார்த்தாயா என்றேன். அறைக்குள் பார்க்கவில்லை என்றாள். அறைக்கு வெளியே நான் தேடவும் இல்லை.

அடுத்த சிக்கல், லேப்டாப்பை எங்கே வைப்பது. மனைவியின் கைப்பை சுவரில் சாய்த்து வைத்ததும் டப்பென்று ஒட்டிக்கொண்டது. காந்தக் கொக்கி, சுவர் முழுக்க இரும்பு. இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் எப்படி வரும்? வைஃபை பெட்டி வெளியே நடைபாதைக் கூரையில். ஆகவே கதவு ஓரம், செருப்புகளுக்குப் பக்கத்தில், குப்பைக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப் வீற்றிருந்தது. அதைச் சுற்றி நாங்கள். பத்தடி தள்ளினால் ஒரு கோடு போகும், கதவைச் சாத்திவிட்டு வெளியே போனால் எல்லாம் போகும். நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சோறு போடும் பஃபே எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டு, கவிழ்த்த குப்பைக் கூடையைச் சுற்றிச் சம்மணம் போட்டிருந்தோம்.

எனக்கு உறையூர் ஞாபகம் வந்தது. 1980களில் எங்கள் தெருவுக்கே ஒரு போன், அரிசி மண்டிக்காரர் வீட்டில். கல்யாணப் பத்திரிகையில், லெட்டர் பேடில், வேலைக்கான மனுவில், எல்லோரும் அவர் நம்பரைப் போட்டு முன்னால் 'பி.பி.' என்று சேர்த்துவிடுவார்கள். யாருக்கோ பம்பாயிலிருந்து போன் வந்தால் அவர் வீட்டுப் பையன் தெருக்கோடி வரை ஓடி வருவான். போனவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, மண்டிக்காரர் மனைவி காதில் விழும்படி, "ஆமா, சௌக்கியம், சௌக்கியம்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். ரகசியம் பேச முடியாது. இங்கேயும் அதேதான். அத்தை பேசுவதை நான் கேட்டேன். நான் ஆபீஸில் லீவை நீட்டிக்கச் சொன்ன பொய்யை மூவரும் கேட்டார்கள்.

இரண்டாம் நாள் வேகம் சுத்தமாக விழுந்தது. நாலு பேரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தோம். முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் வராவிட்டால், தெருவில் எவனோ மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான் என்று அர்த்தம். அத்தையின் குட் மார்னிங் ரோஜாக்கள்தான் காரணம் என்று நான் வாதாடினேன். காலையில் மட்டும் முப்பது பேருக்கு அனுப்பியிருந்தார். மகள் எல்லோர் போனையும் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மோட்டார் போட்டவன் நான். ஹாட்ஸ்பாட்டை என் போன் வீட்டு வைஃபை என்றே நினைத்துக்கொண்டு, சிங்கப்பூரில் எடுத்த அத்தனை போட்டோவையும் வீடியோவையும் கூகுளுக்கு ஏற்றிக்கொண்டும், ஆப்களை அப்டேட் செய்துகொண்டும் இருந்தது. இணைப்பை 'மீட்டர்டு' என்று மாற்றினால் போன் அடங்கும் என்று மகள் மாற்றிக் கொடுத்தாள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் ஒரு ரோஜா அனுப்பினார்.

வேகம் திரும்பியும் பேச்சு சரிப்படவில்லை. இவர் "ஹலோ" என்பார், பதில் வராது, மறுபடி "ஹலோ" என்பார், அதற்குள் முதல் ஹலோவுக்குப் பதில் வந்து மோதும். மகள் அளந்து பார்த்து 650 மில்லி செகண்ட் என்றாள். அப்படியானால் மேலே இருப்பது பழைய பாணிச் செயற்கைக்கோள். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நகராமல் நிற்பது போலத் தெரியும் வகை. அப்படி நிறுத்தினால் உலகம் முழுக்கப் பேசலாம் என்று 1945ல் கட்டுரை எழுதினார் ஆர்தர் சி. கிளார்க், பிற்பாடு கொழும்பில் குடியேறியவர். அத்தையின் ஹலோ மேலே ஏறி, இறங்கி, சின்ன அத்தையின் ஹலோ மறுபடி ஏறி, இறங்கி, 1,44,000 கிலோமீட்டர் ஓடித் திரும்ப வேண்டும். ஒளி வேகத்திலேயே அதற்கு அரை விநாடி ஆகும். சில கப்பல்களில் இப்போது 550 கிலோமீட்டரில் பறக்கும் ஸ்டார்லிங்க் வந்துவிட்டது. அதில் இந்தத் தாமதம் இல்லை. அக்கா தங்கை இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிற பழக்கத்தை அதுவும் தீர்க்காது என்பது வேறு விஷயம்.

தாமதத்தைவிடச் சின்ன அத்தைக்கு வேறு குறை. "கப்பல் கப்பல்ங்கறே, எப்பப் பாத்தாலும் ரூம்பைத்தான் காட்டறே. கடல் எங்கடி?"

பினாங்கில் இறங்கி, படகுத்துறைக்கு வெளியே வந்தால், சுவரோரம் வரிசையாகக் கப்பல் ஊழியர்கள், தரையில் உட்கார்ந்து போனோடு. ஒருவர் தூத்துக்குடிக்காரர், சமையல்கட்டில் வேலை. உள்ளூர் சிம் ஒன்று வாங்கியிருந்தார். அவரைச் சுற்றி நாலு பிலிப்பினோக்கள், எல்லோர் காதிலும் ஹெட்போன். "எங்களுக்கும் கப்பல்ல நெட்டு காசுதான் அண்ணாச்சி. அதான் கரை கண்டதும் ஓடியாந்துருவோம்" என்றார். பேசிக்கொண்டே, ஐந்தாவதாக வந்த ஒருவனுக்கு பாஸ்வேர்டு சொன்னார்.

புக்கெட்டில் நாள் முழுக்க மழை. எழுத ஒன்றுமில்லை. திரும்பி வந்து பார்த்தால், அறையைச் சுத்தம் செய்த பையன் குப்பைக் கூடையை நிமிர்த்தி, லேப்டாப்பை மரியாதையாக மூடி மேசைமேல் வைத்து, அதன் தலையில் வெள்ளைத் துண்டை முறுக்கி ஒரு யானை செய்து உட்கார வைத்திருந்தான். மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். மகள் ஏற்றிக்கொண்டிருந்த அசைன்மென்ட் வீடியோ பாதியில் நின்றிருந்தது. ஒருவழியாகத் துண்டு போட்டு இடத்தைப் பிடித்தது அந்த யானைதான்.

கடைசி நாள் கப்பல் எங்கும் நிற்காமல் சிங்கப்பூரை நோக்கிப் போயிற்று. அன்றைக்குக் கடலைக் காட்டாவிட்டால் தங்கை ஆயுசுக்கும் நம்பமாட்டாள் என்றார் அத்தை. அவர் போனில் நேரே லாகின் செய்துகொண்டு மாடிக்குப் போகலாம்தான். ஆனால் மகளின் வீடியோ 60 சதவீதத்தில் ஏறிக்கொண்டிருந்தது, லேப்டாப்பைத் துண்டித்தால் மறுபடி பூஜ்யம். ஏறி முடியட்டும் என்று காத்திருந்தோம். 71 வந்தது. காபி குடித்தோம். 74. "இனி தாங்காதும்மா, தூக்கு" என்றேன்.

புறப்பாடு கிளம்பியது. திறந்த லேப்டாப்பைத் தாம்பாளம் போல இரண்டு கையிலும் ஏந்தி மகள் முன்னால். சார்ஜரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான். இரண்டடிக்கு மேல் பின்தங்காமல் போனை நீட்டியபடி அத்தை. வழிவிடச் சொல்லி "எக்ஸ்க்யூஸ் மீ" என்று கட்டியம் கூறிக்கொண்டு மனைவி. லிஃப்டுக்குள் சிக்னல் போகும் என்று மகள் சொன்னதால், ஆறு மாடியும் படிக்கட்டு. அத்தையின் மூட்டுக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நிமிஷம் மண்டகப்படி.

மேல்தளம் சேர்ந்தபோது மணி எட்டு. கம்பியோரம் போய் அத்தை போனைக் கடலுக்கு நேராகப் பிடித்தார். கும்பகோணத்தில் அப்போது ஐந்தரை.

"பாத்தியாடி?"

அரை விநாடி கழித்துப் பதில் வந்தது.

"என்னக்கா ஒரே இருட்டு? இங்க இன்னும் வெயிலே எறங்கல. கரண்டு போயிடுச்சா?"