பேசாப் பொத்தானின் பெருமை

எழுத்தென்று ஒன்றுகூட இல்லாமல் வெறும் ஐகானை மட்டும் நெற்றியில் தாங்கி நிற்கும் பொத்தானே, உன்னைப் புகழாத டிசைன் டீம் இல்லை. என் பங்குக்கு நானும் புகழ்கிறேன்.

உன் நன்றி மறவாமையிலிருந்து தொடங்குகிறேன். மூன்றரை அங்குல ஃபிளாப்பியை உருவாக்கிய சோனி நிறுவனமே 2011-இல் ஜப்பானில் அதன் விற்பனையை நிறுத்திக்கொண்டது. நீ மட்டும் அதை விடவில்லை. ஃபிளாப்பியைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் கட்டுரையைச் சேமிக்க அந்தப் படத்தைத்தான் அழுத்துகிறார்கள். அர்த்தம் புரியாவிட்டால் என்ன, மனப்பாடம் போதும் என்று ஒரு தலைமுறையையே பழக்கிவிட்டாய்.

நெஞ்சுறுதியை வளர்ப்பதிலும் உனக்கு நிகரில்லை. பழைய மேகின்டோஷில் கோப்பைக் குப்பைத் தொட்டிக்கு இழுத்தால் அழிக்கலாம். ஃபிளாப்பியை அதே தொட்டிக்கு இழுத்தால் பத்திரமாக வெளியே வந்துவிடும். ஆண்டு முழுக்கச் செய்த வேலையைக் குப்பையில் போட்டுவிட்டு நடுங்காமல் நிற்க அன்று எத்தனை பேர் கற்றுக்கொண்டிருப்பார்கள்!

கொடையிலும் நீ குறைந்தவனில்லை. ஒரே பூதக்கண்ணாடி ஒரு திரையில் தேடுகிறது, இன்னொரு திரையில் படத்தைப் பெரிதாக்குகிறது. பகிர்வதற்கு ஆப்பிளில் பெட்டியிலிருந்து மேலே கிளம்பும் அம்பு, ஆண்ட்ராய்டில் கோடு சேர்த்த மூன்று புள்ளி. போன் மாற்றியவர் எல்லாவற்றையும் புதிதாகப் படிக்கலாம். கல்வி அவருக்கு முடிவதே இல்லை. ஜிமெயில் 2011-இல் தன் பொத்தான்களிலிருந்து சொற்களை எடுத்துவிட்டு உன் குலத்தைக் குடியேற்றியது. சொல் வேண்டுமென்பவர் அமைப்புகளுக்குள் போய்த் தேடி எடுத்துக்கொள்ளலாம் என்று வழியும் வைத்தது. ஐகான் புரியாதவரை, ஒரு பல்சக்கர ஐகானைக் கண்டுபிடித்து அதற்குள் போகச் சொன்ன கருணை அது.

உன் சமத்துவம்தான் எல்லாவற்றிலும் பெரிது. பார்வையற்றவர் ஸ்கிரீன் ரீடரோடு வருகிறார். உனக்குப் பின்னால் யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. அவர் காதில் விழுவது "பட்டன்". அடுத்ததும் "பட்டன்". அதற்கடுத்ததும். பணம் கட்டுவதும் கணக்கையே அழிப்பதும் அவருக்கு ஒரே ஓசை. மேல் கீழ் என்ற பேதமே இல்லை. படத்துக்கு ஈடாக எழுத்து வேண்டும் என்பதை இணைய அணுகல் விதிகள் 1999-லேயே தம் முதல் விதியாக வைத்தன. கால் நூற்றாண்டு கடந்தும் அந்த முதல் விதிக்கு நீ தலை வணங்கவில்லை. அந்த வைராக்கியத்தின் விலையைக் கட்டுகிறவர் அந்தப் பார்வையற்றவர். மின்கட்டணம் கட்ட இன்னொருவரைக் கூப்பிட்டு, தன் பாஸ்வேர்டை அவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் அடியார்களைச் சொல்லாமல் போனால் இந்தப் புகழ் நிறையாது. எல்லாத் திரைகளுக்கும் பொதுவான பொத்தான்களையும் ஐகான்களையும் பராமரிக்கும் டிசைன் சிஸ்டம் குழுவுக்கு அவர்கள் விண்ணப்பம் அனுப்புவார்கள்: 'திருத்தி மீண்டும் ஒப்புதலுக்கு அனுப்பு' என்பதற்கு ஒரு ஐகான் வேண்டும். 24 பிக்சல் சதுரத்துக்குள் பென்சில், அம்பு, டிக் மூன்றும் வர வேண்டும். பார்த்ததும் புரிய வேண்டும். காரணம் கேட்டால் அதுவும் தயார்: பக்கத்துப் பொத்தானில் இருக்கிறது, இதன் இடதுபுறம் வெறிச்சென்று தெரிகிறது. சரி, இந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று இரண்டே சொல்லில் எழுதிக் கொடுங்கள் என்றால் கூட்டம் அமைதியாகிவிடும். தங்களால் சொல்ல முடியாததை மக்கள் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள் என்று நம்புகிறார்களே, மக்கள் மேல் இவ்வளவு மதிப்பு வைத்தவர்களை வேறெங்கே காண்பது? விண்ணப்பத்தை வாங்கிப் பார்க்கும் அந்தக் குழுக்காரரும் அவர்களுக்குச் சளைத்தவரில்லை. 'இருப்பதிலேயே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஆயிரக்கணக்கான ஐகான்கள் உள்ள கிடங்கைத் திறந்துவிடுகிறார். தேடலில் முதலில் வந்தது பொத்தானில் ஏறுகிறது.

உன் அருமை தெரியாதவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டன் அரசின் டிசைன் சிஸ்டத்தில் சேவையைத் தொடங்கும் பச்சைப் பொத்தானுக்கு ஓர் அம்பு கிடைத்திருக்கிறது. மற்ற பொத்தான்களில் பெரும்பாலும் சொல்தான். புதிதாக எதையாவது சேர்க்கக் கேட்டால், பலருக்கும் பயன்படுமா, ஏற்கெனவே இருப்பது போதாதா என்று சான்று கேட்கிறார்கள். அங்கே பொத்தானைப் பார்த்து வியந்து நிற்பவர் யாருமில்லை. படிக்கிறார்கள், அழுத்துகிறார்கள், போய்விடுகிறார்கள்.

நம் தேர்தல் ஆணையமும் உன்னை முழுதாக நம்பியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகவே சின்னம் கொடுத்த ஆணையம் அது. ஆனாலும் வாக்கு இயந்திரத்தில் நீலப் பொத்தானுக்குப் பக்கத்தில் வேட்பாளர் பெயர், அதோடு சின்னம். 2015 முதல் புகைப்படமும் சேர்ந்துவிட்டது. நோட்டா 2013-இல் வெறும் எழுத்தாக வந்தது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வரைந்த சின்னம் 2015-இல் அதோடு சேர்ந்தது. சின்னம் வந்ததென்று எழுத்தை யாரும் அழிக்கவில்லை.

தமிழ்ச் சொல் நீளம், பொத்தானில் அடங்காது என்று உனக்காக வாதாடுகிறவர்களுக்கும் என் வணக்கம். 'பதிவிறக்கு' என்பதற்கு இடம் விடாமல் நீங்கள் மிச்சப்படுத்திய இடத்தால் குடும்பங்கள் நெருங்கியிருக்கின்றன. தென்காசியில் இருக்கும் அம்மாவும் சென்னையில் இருக்கும் மகனும் இப்போது போனில் அரை மணி நேரம் பேசுகிறார்கள்.

"மேல வலது பக்கம் பாரும்மா, மூணு புள்ளி இருக்கா?"

"இருக்குய்யா. இந்தப் பக்கம் மூணு கோடும் இருக்கு."

"கோட்டைத் தொடாத. புள்ளியைத் தொடு."

"தொட்டேன். எல்லாம் போயிட்டு. இப்ப ஒரு பெட்டிக்குள்ள அம்பு மாதிரி தெரியுது, அதைத் தொடவா?"