உபயம்: பெரியப்பா

ட்யூப்லைட்டில் பேர் எழுதி வெளிச்சத்தை மறைத்தவர்களைப் பற்றி ஊர் சிரித்து ஓய்ந்துவிட்டது. பெரியப்பாவுக்கு அந்தச் சிரிப்பு உறைத்ததே இல்லை. அவர் மனக்குறை வேறு. எல்.இ.டி. வந்தபிறகு லைட்டெல்லாம் குச்சி மாதிரி ஒல்லியாகிவிட்டதாம், மூன்று தலைமுறையை எழுத இடம் பத்தவில்லையாம்.

பலசரக்கு மொத்த வியாபாரத்தை மகனிடம் விட்ட நாளிலிருந்து முழுநேர உபயதாரர் ஆகிவிட்டார். தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார், எங்கள் தெருவுக்கு இவர். பிள்ளையார் கோயில் ஃபேனில் ஒரு இறக்கைக்கு அவர் பேர், ஒன்றுக்குப் பெரியம்மா பேர், மூன்றாவதுக்கு ‘குடும்பத்தார்’. ஓடினால் பேர் தெரியாது, நின்றால் காற்று வராது. ஆகவே அவர் உள்ளே நுழையும்போது மட்டும் பூசாரி ஸ்விட்சை அணைத்துவிடுவார். பூசாரிக்கும் பிழைப்பு ஓட வேண்டுமே.

அரசுப் பள்ளிக்குக் கொடுத்தது கடிகாரம். ஒரே வகுப்பில் ஏற்கெனவே மூன்று கடிகாரங்கள், மூன்று உபயதாரர்கள். இவருடையதோடு நான்கு. ஒன்று பத்து மணி காட்டுகிறது, ஒன்று இரண்டே கால், மற்ற இரண்டும் எப்போதோ நின்றவை. கடிகாரம் கொடுக்கத்தான் ஆள் இருக்கிறது, பேட்டரி போடுவதற்கு இல்லை. பிள்ளைகள் மணி தெரிய வேண்டுமானால் எதிர் டீக்கடையை எட்டிப் பார்க்கிறார்கள்.

போன பிறந்தநாளுக்கு ஒரு குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போடக் கிளம்பினார். குடும்பத்தோடு நானும் போனேன். வார்டன் அம்மா நோட்டைப் புரட்டினார். “ஞாயித்துக்கிழமை மத்தியானம் மார்ச் வரைக்கும் புக் ஆயிருச்சு சார். செவ்வாய்க்கிழமை ராத்திரின்னா காலியா இருக்கு.”

“நான் பொறந்தது ஞாயித்துக்கிழமை பகல்லம்மா.”

எப்படியோ கெஞ்சி ஒரு ஞாயிறை, இன்னொரு பிறந்தநாள்காரரோடு பங்கு போட்டு வாங்கினார். அந்தக் கேக் பன்னிரண்டு மணிக்கு, இந்தக் கேக் ஒன்றரைக்கு. குழந்தைகள் இரண்டு தடவை வாழ்த்துப் பாடின. இரண்டாம் தடவை பாடும்போது வயிறு நிறைந்திருந்ததால் சுருதி இறங்கிவிட்டது. கடைசி வரிசையில் ஒரு பொடியன் மூன்றாவது குலாப்ஜாமூனை இலையில் வைத்து, அதனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா போனை எடுத்தார். வார்டன் கையை நீட்டித் தடுத்தார். இல்லத்துக் குழந்தைகளை அடையாளம் தெரியும்படி வெளியிட 2015ஆம் வருஷச் சிறார் நீதிச் சட்டத்தில் தடை இருக்கிறதாம். பெரியப்பா கொஞ்ச நேரம் திகைத்து நின்றார். பிறகு சாம்பார் வாளியைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்.

புறப்படும்போது பெரியப்பாவின் மகள் வார்டனிடம் ஒரு கேள்வி கேட்டாள். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது. “உங்களுக்கு என்னக்கா வேணும்?”

அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். தண்ணீர் மோட்டார் காயில் எரிந்து ஒரு வாரம். கரண்ட் பில் பாக்கி. பெரிய பொண்ணுகளுக்கு நாப்கின் மாசக் கடைசியில் தீர்ந்துபோகிறது. சமையலக்காவுக்குச் சம்பளம் கூட்ட வேண்டும்.

காரில் பெரியப்பா முனகினார்: “மோட்டார்ல பேரு எங்கம்மா எழுதுறது? தொட்டிக்குப் பின்னால கிடக்கும்.”

மகள் ஆடிட்டர். அன்று ராத்திரியே குடும்பத்தைக் கூட்டி, போன வருஷம் கொடுத்ததையெல்லாம் எழுதச் சொன்னாள். இன்னொரு குண்டையும் போட்டாள். பெரியப்பா ரொக்கமாகக் கொடுத்து, வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது கேட்டு வாங்கிப் பீரோவில் அடுக்கி வைத்திருந்தார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது. அவர் தேர்ந்தெடுத்திருக்கும் புதிய வரி முறையிலோ எப்படிக் கொடுத்தாலும் அது இல்லை. பெரியப்பா ரசீதுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். “இருக்கட்டும், முத்திரை நல்லா விழுந்திருக்கு.”

அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா வாயைத் திறந்தது அப்போதுதான். “வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணு மாசம் ஐநூறு கூட்டிக் கேட்டப்ப ஒரு வாரம் யோசிச்சீங்க. அன்னைக்குச் சாயங்காலமே பூப்பல்லக்குக்கு ஐயாயிரம் எழுதிக் கொடுத்தீங்க. இந்தப் பேப்பர்ல அதையும் எழுதுங்க.”

யாரும் எழுதவில்லை. பெரியம்மா விடவில்லை. “உங்க அப்பத்தா விருதுநகர்க்காரிதானே?”

பெரியப்பா கர்வப்படும் கதை அது. விருதுநகரில் 1885இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையை வியாபாரிகளின் மகமையோடு வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கியும் நடத்தினார்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். பிடி என்றால் யார் வீட்டுக் கையானாலும் பிடிதான். அந்த அரிசியை விற்ற காசில் பள்ளி நடந்தது. காமராஜர் படித்த பள்ளி. வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லாமல் பெரியப்பா காபி கொடுத்ததில்லை.

“அப்பத்தா பேரு எந்தக் கலயத்துல எழுதியிருந்துச்சு?” என்றார் பெரியம்மா.

பெரியப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

உடனே ஆள் மாறிவிட்டதாக எழுத ஆசைதான். பூப்பல்லக்கு இந்த வருஷமும் போனது. ஆனால் மோட்டாருக்குக் காயில் கட்டியாகிவிட்டது. வேலைக்கு வரும் அக்காவுக்கு ஐநூறு கூடியிருக்கிறது, பெரியப்பா கணக்கில் அது இன்னும் ‘தர்மம்’ என்ற தலைப்பில்தான் ஏறுகிறது. மாசம் இவ்வளவு என்று இல்லத்துக்குப் பாங்க் வழியாகப் போகிறது. எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாது என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். அதில்தான் பெரியப்பாவுக்கு இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

போன வாரம் அவரோடு பள்ளிக்குப் போனேன். சட்டைப் பையில் நாலு பென்டார்ச் பேட்டரி. ஸ்டூலில் ஏறி, மற்ற உபயதாரர்களின் கடிகாரங்களையும் சேர்த்து இறக்கினார். முதல் பேட்டரியைப் போடுமுன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏம்ப்பா, மார்க்கர் வச்சிருக்கியா?”

கொடுத்தேன். பேட்டரியில் இனிஷியல் மட்டும் எழுதினார். உள்ளே தள்ளி, மூடியைச் சாத்தி, கடிகாரத்தைச் சுவரில் மாட்டினார்.